மோசூலா என்பவள்

தோத்தூசி சாகாமல் போனது ஊருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு ஒருவனைச் சால்மோக்சிஸ் சாமியிடம் தூது அனுப்புவது இஸ்ட்ரோஸ் ஆற்றங்கரை ஊர்களின் வழக்கம். மூன்று பேர் ஈட்டிகளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் தூதனைக் கைகால் பற்றி ஆட்டி மேலே வீசுவார்கள். முனையில் விழுந்ததும் உயிர் போனால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். தோத்தூசி விழுந்தபோது ஒரு ஈட்டியின் கழி முறிந்தது, இன்னொன்று தவறியது, மூன்றாவது தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. புல்லில் உருண்டவன் எழுந்து உட்கார்ந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நல்லவனா இருந்தா போயிருப்பான். இவன்கிட்ட ஏதோ கோளாறு இருக்கு. அடுத்த சீட்ட எடுங்க."

அடுத்த சீட்டு வலை பின்னுகிற ஒருவனுக்கு விழுந்தது. மழை வேண்டும், மாடுகளின் வாய்ப்புண் தீர வேண்டும் என்று ஊருக்குப் பொதுவான இரண்டு செய்திகளை மட்டும் அவன் காதில் அவசரமாக ஓதினார்கள். முதல் வீச்சிலேயே அவன் போய்ச் சேர்ந்தான். ஊர் மூச்சு விட்டது.

வீடு திரும்பும் வழியில்தான் ஒவ்வொருவருக்கும் உறைத்தது. அதற்கு முந்தைய மூன்று நாளும் ஊரே வரிசையில் நின்று, சாமியிடம் போய்விட்ட தங்கள் சொந்தங்களுக்கான செய்திகளைத் தோத்தூசியிடம் ஒப்பித்திருந்தது. காளையை அவிழ்த்துவிட்டது நான்தான் என்று அப்பாவிடம் சொல் என்றான் ஒருவன். மாமியார் அங்கேயும் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா, கனவில் வந்து சொல்லச் சொல் என்றாள் ஒருத்தி. சாகப்போகிறவனிடம் சொல்ல என்ன வெட்கம் என்று மனத்தைக் கொட்டியவர்கள், இப்போது அவனைத் தூரத்தில் கண்டாலே வழி மாறினார்கள். குதிரை மேய்க்கிற வேலையையும் அவனுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. ஆற்றோரம் ஒரு நாணல் குடிசையில் கிடந்தான்.

சியாயிஸ் மட்டும் வழி மாறவில்லை. தேனீ வளர்க்கிற விதவை அவள். அவன் கோலூன்றி நடக்கத் தொடங்கிய வாரம், நேராகக் குடிசைக்கு வந்து நின்றாள்.

"தம்பி, நான் சொன்னத திருப்பிக் குடு."

"சொன்னத எப்படிக்கா திருப்பித் தர்றது? எரவல் வாங்கின பானையா அது?"

"அப்ப மறந்துடு."

"அதுதான் முடியல. மத்தவங்க சொன்னதெல்லாம் பாதி மறந்துபோச்சு. உங்களோடது மட்டும் உள்ள கெடந்து கொடையுது."

அவள் புருஷன் தார்பஸ் நான்கு வருடத்துக்கு முன்பு குளிர்காலத்தில் இருமி இருமிப் போனவன். கடைசி நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மோசூலா... மோசூலா..." என்று முனகியிருக்கிறான். பதினாறு வருடம் கூட இருந்தவள் பெயர் அவன் வாயில் வரவில்லை. அவரைப் பார்த்தால் கேள், மோசூலா யார், அவளும் அங்கேதான் இருக்கிறாளா? இதுதான் அவள் அனுப்பிய செய்தி.

தோத்தூசி அவளை உட்காரச் சொன்னான். "உங்க வீட்டுக்காரர் மலைக்காரர்தானே? உப்பு மூட்டையோட வந்தவர். அந்த ஊரு உப்புக்காரங்க வருஷா வருஷம் வர்றாங்களே, அவங்ககிட்ட கேட்டிருக்கலாமே?"

"என்னன்னு கேக்குறது? எம் புருஷனுக்கு அங்க எத்தன பேருன்னா? விழுந்து விழுந்து சிரிப்பாங்க. செத்துப்போறவன்கிட்ட சொன்னா வெளிய வராதுன்னு நம்பினேன். நீ இப்படி உக்காந்து கஞ்சி குடிப்பேன்னு யாரு கண்டா?"

"நானும்தான் நெனைக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்து போகும்போது கண்களைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. மோசூலா எப்படி இருப்பாள்? மலையில் விட்டுவிட்டு வந்த முதல் மனைவியா? சிறுவயதில் செத்த தங்கையா? மேலே போய்க் கேட்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, கீழே கேட்டால் என்ன என்று தோன்றியது. கோடை முடிவில் உப்புக்காரர்கள் வந்து, உப்புக்குத் தினையும் காய்ந்த மீனும் மாற்றிக்கொண்டு கிளம்பியபோது, அவனும் அவர்களோடு ஒட்டிக்கொண்டான். சியாயிஸிடம் சொல்லவில்லை.

ஒன்பது நாள் நடை. அவன் நொண்டுவதைப் பார்த்து இரண்டு நாள் கழுதை மேல் ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் பேசுவதும் இவன் பேசுவதும் ஒரே பேச்சுதான். ஆனால் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் காலை வாரியது. அவர்கள் வாளி கேட்டால் இவன் கோலை எடுத்துக் கொடுத்தான். அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

தார்பஸின் அண்ணன் நத்தோபோர், மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய வீட்டில் இருந்தான். ஆட்டுப் பாலாடைக்கட்டியைப் பிட்டு, வந்தவன் கையில் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தான்.

"ஏனுங், காலுக்கு என்னாச்சுங்க?"

"சாமிகிட்ட கெளம்பினேன். பாதியில திருப்பி அனுப்பிட்டாரு."

"அதுஞ்செரி. அவருக்கே வேண்டாம்னு ஆயிப்போச்சாட்ட இருக்குது."

தோத்தூசி நேராகக் கேட்கத் தயங்கினான். தம்பி போன விதத்தைச் சொன்னான். சியாயிஸ் நன்றாக இருக்கிறாள் என்றான். கடைசியில், வாசல் புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இந்த ஊர்ல மோசூலான்னு யாராச்சும் இருக்காங்களா?"

"யாராச்சுமா?" நத்தோபோர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "மோசூலா இல்லாத எடம் எதுங்க? நீங்க குக்கியிருக்கறதே அது மேலதானுங்களே!"

தோத்தூசி துள்ளி எழுந்தான். வீட்டுக்குள் இருந்த பெண்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்த இடத்தில் நசுங்கிக் கிடந்தது, தரையோடு படர்ந்த ஒரு சிறு பூண்டு. பொடி இலை, ஊதாப் பூ. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஊரில் அதற்குத் தேனீப்புல் என்று பெயர்.

"இதையா உங்க தம்பி முனகினாரு? சாகும்போது இது எதுக்கு?"

நத்தோபோரின் சிரிப்பு நின்றது. "இருமித்தானே போனான்னீங்க? சின்னதுல அவனுக்குக் குளிரு வந்தா நெஞ்சு கட்டிக்கும். எங்கம்மா மோசூலாவ வேக வெச்சு, தேன் ஊத்திக் குடுக்கும். அதத்தான் கேட்டிருப்பானுங்க."

பிறகு தோத்தூசி இன்னொரு கேள்வி கேட்டான். அதற்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் படுத்தான்.

இலையுதிர் காலத்தின் கடைசிச் சுமையோடு உப்புக்காரர்கள் இறங்கியபோது அவனும் இறங்கினான். வழியெல்லாம் யோசனை. மோசூலா பெண்ணில்லை, ஒரு பூண்டின் பெயர் என்று பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். சியாயிஸ் சும்மா விடமாட்டாள் என்பதும் தெரிந்தது. அவள் இடத்தில் இருந்தால் அவனும் விட்டிருக்க மாட்டான்.

சியாயிஸ் தேன்கூடுகளுக்குக் குளிர்காலத்துக்காக வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தாள். "குதிர மேய்க்க ஓடிட்டான்னாங்க. எங்கடா போன?" என்றாள்.

"மலைக்கு. மோசூலாவ பாத்துட்டு வந்தேன்."

வைக்கோல் கையிலிருந்து நழுவியது. "இருக்காளா? எப்படி இருக்கா?"

அவன் குனிந்து, கூட்டின் அடியில் வாடிக்கிடந்த ஒரு கொத்தைப் பறித்து நீட்டினான். "இப்படித்தான் இருக்கா. மேல தேனீப்புல்லுக்கு அதுதான்க்கா பேரு."

அவள் கொத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "நாலு வருஷம்! நாலு வருஷமா ஒரு பூண்டுகிட்டயா சண்ட போட்டேன்? அவ வெளங்காம போகணும்னு மெழுகு உருக்கி ஊத்தினேன்டா!" சிரிப்பு சட்டென்று அறுந்தது. "இத எதுக்குக் கேட்டாரு?"

அவன் தொடையைத் தேய்த்தான்.

"தம்பி. முழுசா சொல்லு."

சொன்னான். அவள் வைக்கோல் மேல் உட்கார்ந்தாள். கூடுகளைச் சுற்றி நாலா பக்கமும் தேனீப்புல்தான். அவள் வைத்து வளர்த்தது.

"இருபதடி தூரத்துல," என்றாள். "தேனும் இருந்துச்சு. குடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"அவரோட அண்ணன்கிட்ட அதையும் கேட்டேன். இருமல் கொஞ்சம் எறங்கும், அவ்வளவுதான்னாரு. அவங்கம்மாவே அதக் குடிச்சுகிட்டேதான் நெஞ்சடச்சுப் போனாங்களாம்."

"கொஞ்சம் எறங்கியிருக்கும்."

வெகுநேரம் அவள் அந்தக் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பலாமா என்று அவன் கோலை எடுத்தபோது, "அவங்க எப்படிச் சொல்றாங்க, சொல்லு" என்றாள்.

"மோசூலா."

"இல்ல. அவரு நடுவுல இழுப்பாரு. மோசூ...லா."

அவன் அப்படியே சொல்லிப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பனிக்கு அங்கே என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். நாய்க்கு, அடுப்புக்கு? வழியில் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் அவன் சொன்னான். சிலதை அவள் ஏற்கெனவே அறிந்திருந்தாள். சிலதைக் கேட்டு, "அடப்பாவி, அதுதானா அது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அவளே ஒரு சொல்லைச் சொல்லி அதற்கு அர்த்தம் கேட்டாள். கல்யாணமான முதல் வருடம் தார்பஸ் அவளை அப்படித்தான் கூப்பிடுவானாம்.

தோத்தூசி யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை.

"உப்புக்காரங்க போயிட்டாங்களா?"

"இல்ல, துறையில மூட்டை எறக்கிட்டிருக்காங்க."

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினாள், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டுமே," என்று சொல்லிவிட்டு, துறைக்குப் போகிற பாதையில் வேகமாக நடந்தாள்.