ரேணுகாம்பாள் வீட்டுக் கைராசி

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு உள்ளே திரும்பும் தெருவில் ரேணுகாம்பாளுக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. காரணம், அவள் வீட்டுப் பின்கட்டில் பனைமரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிவரை ஏறியிருந்த பிரம்மகமலம். வருஷத்தில் சில நாள்தான் பூக்கும். மொட்டு தலை நிமிர்ந்ததும் அவள் நாலு வீட்டுக்குச் சொல்லுவாள். பொழுது சாய்ந்ததும் தெருவே கற்பூரத் தட்டோடு வந்து நிற்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அந்தப் பூவைத் தானே பெற்றவள் மாதிரி அவள் நடுவில் நிற்பாள்.

உண்மையில் அது கள்ளி. முள்ளில்லாமல், இலை மாதிரி தட்டையாகத் தண்டு விட்டு, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு ஏறுகிற கள்ளி ஜாதி. இது ரேணுகாம்பாளுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்திருந்தால் வீட்டுக்குள் கள்ளியா என்று பாதிப்பேர் வாசலோடு நின்றிருப்பார்கள். அவள் முதலில் நட்ட துண்டுகளும் அழுகித்தான் போயின. கடைசித் துண்டை மாடிச் சுவர் நிழலில் வைத்துவிட்டு மறந்தே போனாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியிருந்தது. போகட்டும் என்று மணலும் சருகும் கலந்த மண்ணில் செருகி வைத்தாள். அதுதான் பிடித்துக்கொண்டது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், காலை வெயில், ஏறுவதற்கு ஒரு கட்டை, கட்டிவிடப் பழைய புடவைக் கிழிசல். அவ்வளவுதான் வித்தை.

அந்த வித்தையை அவள் யாருக்கும் சொல்லவில்லை. தண்டு கேட்டவர்களுக்கு இல்லை என்றும் சொல்லவில்லை; கஞ்சம் என்று பேர் வந்துவிடுமே. தாராளமாக வெட்டிக் கொடுப்பாள். கொடுக்கும்போது சொல்லுவாள்:

"ஈரம் காயறதுக்குள்ள நட்டுடணும். காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. ஒரு வேளை விட்டாலும் சாமி குத்தம். அப்புறம் அவங்கவங்க கைராசி."

பச்சை வெட்டுக்காயத்தில் தினம் ரெண்டு சொம்பு ஊற்றினால் என்ன ஆகும்? அடியிலிருந்து கறுத்துக் கூழாகிவிடும். கொண்டுபோனவள் தன் கையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொள்வாள். ரேணுகாம்பாள் உச்சுக்கொட்டுவாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

கைராசி என்பது இந்தப் பக்கத்தில் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. ராசியில்லாத கை என்று பேர் எடுத்துவிட்டால் அந்தக் கையால் விதை நெல்லைத் தொடவிட மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்சவிட மாட்டார்கள், கடையில் முதல் போணி பண்ணவிட மாட்டார்கள். ஒரு பெண்ணின் கையைக் கெடுத்துவிட்டால் அப்புறம் அவளுக்கு வீட்டில் என்ன வேலை மிச்சம்? இதெல்லாம் தெரிந்துதான் ரேணுகாம்பாள் அந்த வார்த்தையைப் போட்டு வைத்திருந்தாள். பழி தன் பக்கம் வராது பாருங்கள்.

எதிர்வீட்டுப் பாஞ்சாலைக்குக் கவிநிலா மருமகளாக வந்தாள். ரேணுகாம்பாளின் மகள் ஆர்த்தியோடு காலேஜில் படித்த பெண். இந்தச் சம்பந்தத்தைச் சொன்னதே ஆர்த்திதான். வந்த புதிதிலேயே பாஞ்சாலை அவளை அழைத்து வந்தாள்.

"இவ கை எப்படின்னு பாத்துடலாம்க்கா. ஒரு தண்டு குடு."

கவிநிலா சொன்னது சொன்னபடி ஊற்றினாள். அழுகிற்று. அடுத்ததும் அழுகிற்று. அதே சமயம் பாஞ்சாலை வீட்டுக் கன்றுக்குட்டி செத்தது. மகன் தேரடி வீதியில் போட்ட பாத்திரக் கடையும் படுத்தது. பாஞ்சாலை எல்லாவற்றையும் அந்தத் தொட்டியில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள்.

ஒருநாள் மத்தியானம் கவிநிலா தனியாகப் பின்கட்டுக்கு வந்தாள். நகக்கண்ணெல்லாம் மண்.

"பெரிம்மா, நான் எங்கயாவது தப்பு பண்றனா? இருந்தா சொல்லுங்க பெரிம்மா. வீட்ல சாப்பாட்டைக்கூட என் கையால எடுத்து வெக்க விடமாட்டேங்கறாங்க."

ரேணுகாம்பாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. மனசு இளகாமல் இல்லை. ஆனால் எதிர்வீட்டில் பூ பூத்தால் தெரு எதிர்வீட்டுக்கல்லவா போகும்? அந்த நினைப்பு வந்ததும் இளகினது இறுகிவிட்டது.

"தண்ணி பத்தலையோ என்னமோ. இன்னும் ஜாஸ்தி ஊத்திப் பாரும்மா," என்று சொல்லி இன்னொரு தண்டை வெட்டிக் கொடுத்தாள்.

அதுவும் அழுகியதும் கவிநிலாவை ஆட்டோவில் ஏற்றி அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றாள் பாஞ்சாலை. அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ரேணுகாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள், வெளியே வரவில்லை.

ஆர்த்தியைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தது. நிலம், நெல்லு, மல்லாட்டைக் கடலை என்று வசதியான குடும்பம். கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. அதில் மாமியார் அருணாதேவிக்கு மனத்தாங்கல். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவள் சம்பந்தி வீட்டில் தங்கினாள். அன்றைக்கென்று பூ பூத்தது. வந்த கூட்டத்தில் பாஞ்சாலை விடுவாளா? தன் மருமகள் கதையை அட்சரம் விடாமல் சொல்லி முடித்தாள்.

அருணாதேவி யோசனையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கிளம்பும்போது கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு தண்டு குடுங்க சம்பந்தி. ஆர்த்தி கையால நட்டுப் பாக்கறேன்."

ரேணுகாம்பாள் அவசரமாகச் சொன்னாள்: "குடுக்கறேன். ஆனா ஒரு வாரம் நிழல்ல காய வெச்சு அப்புறம் நடச் சொல்லுங்க. தண்ணி கம்மியாத்தான் ஊத்தணும்."

அருணாதேவி சிரித்தாள். "நேத்து அந்தம்மா வேற மாதிரி சொன்னாங்களே. தெருவுக்கு ஒரு முறை, பொண்ணுக்கு ஒரு முறையா?"

பாஞ்சாலை பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு எதிரிலேயே ரேணுகாம்பாள் உள்ளதைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ரேணுகாம்பாள் தண்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

போனில் ஆர்த்தியிடம் சொல்லப் பார்த்தாள். மாமியார் எப்போதும் பக்கத்திலேயே இருந்தாள். மனசு கேட்காமல் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூருக்கே போனாள். வாசலில் தொட்டி இருந்தது. ஆர்த்தி சொம்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தண்டின் அடி ஏற்கெனவே லேசாகக் கறுத்திருந்தது.

மகளை மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "அதைப் புடுங்கி, அழுகின இடத்தை வெட்டிட்டுக் காய வெச்சுடும்மா. உங்க மாமியாருக்குத் தெரியாம நான் வேற ஒண்ணு கொண்டாந்து வெச்சுடறேன்."

ஆர்த்தி அம்மாவையே பார்த்தாள். "தெரிஞ்சேதான் ஊத்தச் சொன்னியா? கவிநிலாவுக்கும்?"

ரேணுகாம்பாள் மூட்டையைப் பார்த்தாள்.

"அவ தினம் எனக்குப் போன் பண்ணி அழறாம்மா. என் கைதான் சரியில்லடின்னு அழறா. அவளை அந்த வீட்டுக்குக் கொண்டாந்து விட்டதே நான்தான்."

"நடந்தது நடந்துடுச்சு. இப்ப உன்னைப் பாரு."

"நீ ஊருக்குப் போ. பாஞ்சாலை அத்தைகிட்ட உண்மையைச் சொல்லு. தெருவுல நாலு பேருக்கு முன்னாடி சொல்லு. நீ சொல்லிட்டன்னு அவங்களே எங்க மாமியாருக்குப் போன் பண்ணட்டும். அன்னைக்கு நான் தண்ணியை நிறுத்தறேன். அதுவரைக்கும் ஊத்துவேன்."

"உன் குடித்தனம் போயிடும்டி."

"அதனாலதான் சொல்றேன். என்னைவிடத் தெரு மரியாதை ஒண்ணும் உனக்குப் பெரிசில்லையே," என்றாள் ஆர்த்தி. அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் ரேணுகாம்பாள் அழுதுகொண்டே வந்தாள். சொல்லிவிடுவது என்று தீர்மானமாகத்தான் வந்தாள். முதல் வார்த்தை எது, இரண்டாவது எது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்து பின்கட்டுக்குப் போனால், மேலே மிச்சம் இருந்த மொட்டுகள் அத்தனையும் நிமிர்ந்து நிற்கின்றன. இவள் சொல்லாமலே சேதி பரவிவிட்டது. பொழுது சாய்வதற்குள் தெரு வந்துவிட்டது. யாரோ உள்ளே போய் அவளுடைய பட்டுப்புடவையை எடுத்து வந்து, கட்டிக்கிட்டு வாங்க என்று கையில் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டாள்.

கற்பூரம் ஏற்றியாயிற்று. பூக்கள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் பாஞ்சாலை தானாகவே கேட்டாள், தெரு முழுக்கக் கேட்கும்படி.

"பொண்ணு வீட்டுக்குப் போனியாமே. ஆர்த்தி நட்டது துளுத்துச்சாக்கா?"

இதைவிட நல்ல வாய்ப்பைச் சாமியே நேரில் வந்து கொடுத்திருக்க முடியாது. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. யோசித்து வைத்த முதல் வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இந்தத் தலைகள் இனி எப்படிப் பார்க்கும் என்பதும் கூடவே வந்தது.

"எங்க துளுத்துச்சு? கறுத்துப்போச்சு," என்றாள் ரேணுகாம்பாள். "பெத்த பொண்ணுதான், அதுக்காக இல்லாததை இருக்குன்னு சொல்ல முடியுமா? அவளுக்கும் கைராசி இல்ல."

தெரு அவளை முன்னைவிட மரியாதையாகப் பார்த்தது. சொந்த மகள் என்றுகூடப் பார்க்காமல் உள்ளதைச் சொல்கிறாளே என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாஞ்சாலை அன்றைக்கே கீழ்பென்னாத்தூருக்குப் போன் போட்டாள், ஆர்த்தி கேட்ட மாதிரியே. பெற்றவளே சொல்லிவிட்ட பிறகு அருணாதேவிக்கு வேறு சாட்சி எதற்கு? தொட்டி முழுசாக அழுகும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. மறுவாரம் ஆர்த்தி பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அம்மா ஓடிவந்து பெட்டியில் கை வைத்தாள். ஆர்த்தி அந்தக் கையை எடுத்துவிட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.