இந்த வாரம் கை

மாவுக்கட்டு போடும் நர்ஸுக்கு ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஸ்பானிஷ் தேர்வு நெருங்க நெருங்க, காலில் சக்கரம் கட்டியவள் மாதிரி வார்டெல்லாம் அலைந்தாள். வாரத்துக்கு ஒரே சொல், ஆனால் அதன் அத்தனை வழக்கும் மனப்பாடம். இது அவளே போட்டுக்கொண்ட சட்டம். இந்த வாரம் 'மானோ', அதாவது கை. 'எச்சார் ஊனா மானோ' என்றால் உதவுவது. 'ஆ மானோ' என்றால் கைக்கெட்டும் தூரம். 'மானோஸ் ஆ லா ஓப்ரா' என்றால் வேலையை ஆரம்பிப்போம். துணிச்சுருளை நனைக்கும்போதுகூட வாய் ஓயவில்லை.

"போதும்க்கா, காது வலிக்குது" என்றாள் எக்ஸ்ரே எடுப்பவள்.

மத்தியானம், சுற்றுலா வந்த இடத்தில் மணிக்கட்டு முறிந்த ஸ்பெயின் நாட்டு லாரி டிரைவர் ஒருவர் வந்தார். ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாதவர். "மானோ, மானோ" என்று முனகினார். நர்ஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று வழக்கையும் மடமடவென்று ஒப்பித்தாள். "மானோஸ் ஆ லா ஓப்ரா!" என்று முடித்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். மனுஷர் அலறினார்.

எக்ஸ்ரேக்காரி ஓடிவந்தாள். "ஐயோ அக்கா, முதல்ல எங்க வலிக்குதுன்னு கேளுங்க!"

நர்ஸ் அவர் கையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வலி அடுத்த வாரம்டி."