அக்னி மூலையில் வைத்த ஹீட்டர்

என் கணவர் சண்முகவேலுக்கு வெல்ல மண்டிக்குள் நுழைந்ததுமே எந்த மூட்டை நனைந்திருக்கிறது என்று மூக்கால் சொல்லத் தெரியும். கூடவே படுத்து எழுகிற பெண்டாட்டியின் முட்டியில் என்ன வலி என்று மட்டும் தெரியாது.

எனக்கு முடக்குவாதம் வந்து நாலு வருடம் ஆகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் நிமிராது, முட்டி நீளாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மார்பளவு நின்று தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், விட்டால் இரண்டு வருடத்தில் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்துமூன்று டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் மூட்டு அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்த வசதி அண்ணா நகரில் ஓர் இடத்தில் இருந்தது. நாங்கள் இருக்கிற திருவொற்றியூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் போய்த் திரும்பினால், தண்ணீரில் நடந்த பலனெல்லாம் காரிலேயே போய்விடும். அதனால் இவர் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டினார். கட்டியதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டும், எனக்குத் தண்ணீர் சூடாக இருந்தால் போதும்.

ஹீட்டர் போட ராயபுரத்திலிருந்து ஜானட் வந்தாள். துறைமுகத்தில் மீன் ஏற்றுகிற குளிர்பெட்டி கன்டெய்னர்களைப் பன்னிரண்டு வருடம் பழுது பார்த்தவள். இப்போது தனியாகத் தொழில் செய்கிறாள். அவளைப் பார்த்ததுமே இவர் முகம் சுண்டிவிட்டது.

"ஆம்பளையாளு யாரும் இல்லியா?" என்றார்.

"கீறாங்க அண்ணாச்சி. அவுங்களுக்கு வேல கத்துக்குடுத்ததே நான்தான்."

இவருக்கு சோலார் மேல் ஆசை. ஜானட் மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் விரலைத் தேய்த்துக் காட்டினாள். விரல் சாம்பல் நிறமாகியிருந்தது.

"எண்ணூர் பவர் ஹவுஸ்லேந்து வர்ற சாம்பலு. தகடு மேல இது படிஞ்சா சூடே ஏறாது. தெனம் ரெண்டு வாட்டி தொடைக்கணும். யாரு தொடைப்பா, அக்காவா?"

கேஸ் ஹீட்டர் தினசரிக்குக் கட்டுப்படியாகாது, சிலிண்டரை விழுங்கிக்கொண்டே இருக்கும் என்றாள். கடைசியில் அவள் சொன்னது ஹீட் பம்ப். "காத்துல கீற சூட்ட இழுத்துத் தண்ணில வுடும். ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாரி. நம்மூர்ல காத்துல சூட்டுக்கு இன்னா பஞ்சம்?"

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. கீழே இறங்கி வந்து மேற்குப் பக்கம் இருந்த கார் கொட்டகையைக் காட்டினாள். "மிஷின இங்க வைக்கலாம். வூடு மறைச்சுக்கும், கடல் காத்து படாது. காரை வெளிய நிறுத்திக்கங்க."

"அதெல்லாம் ஆகாது. ஹீட்டர்னா அக்னி. அக்னி தென்கிழக்கு மூலைலதான் இருக்கணும்," என்றார் இவர்.

"அண்ணாச்சி, இதுல நெருப்பே கெடையாது. ஒரு ஃபேன் சுத்தும், அவ்ளோதான்."

"சூடு வருதுல்லா? அப்ப அக்னிதான்."

எங்கள் வீட்டின் தென்கிழக்கு மூலையில் காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுதான். அதைத் தாண்டினால் ரோடு, கொட்டிவைத்த பாறைகள், கடல். அங்கே வைத்தால் ஒரு வருடம் தாங்காது, உப்பு தின்றுவிடும் என்று ஜானட் மூன்று தடவை சொன்னாள். வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றாள்.

"எழுதியெல்லாம் தர வேண்டாம். வைக்கச் சொன்ன எடத்துல வையி."

"அவ சொல்லுதத கொஞ்சம் கேளுங்களேன்," என்றேன் நான்.

"ஒனக்கு என்னத்த தெரியும்? மூலை தப்புனா வீட்டுப் பொம்பளைக்குத்தான் ஆகாது. ஒனக்காகத்தான சொல்லுதேன்."

எனக்காகவாம். இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

சித்திரையில் மிஷினுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டினார். ஆறு மாதம் நான் ராணி மாதிரி இருந்தேன். காலை ஐந்தரைக்கு இறங்கி நடப்பேன். விரல்கள் நிமிர்ந்து, நானே சடை பின்னிக்கொண்டேன். ஐப்பசி மழை விட்டபோது மிஷினின் பின்பக்கத் தகடுகள் அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருந்தன. சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் நான் தண்ணீரில் இறங்கவில்லை. அதற்குள் மிஷின் நின்றுவிட்டிருந்தது. அது தெரியாமல் நாலாம் நாள் விடிகாலையில் படியிறங்கினேன். முதல் படியிலேயே கால் வழுக்கி மொத்தமாகத் தண்ணீருக்குள் போய்விட்டேன். ஊசிக் குளிர். இரண்டு முட்டியும் பூட்டிக்கொண்டன. ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். இவர் பூஜை அறையில் இருந்தார். பக்திப் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. பாட்டெல்லாம் முடிந்து, மணியடித்து, எனக்கு ஆரத்தி காட்டத் தட்டோடு வந்தபோதுதான் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. கம்பியைப் பிடித்த வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

மறுநாள் ஜானட்டை வரவழைத்தார், திட்டுவதற்கு.

"எட்டு மாசத்துல ஒன் மிஷினு போச்சி. ஏமாத்துக்காரி. எம் பொண்டாட்டி செத்துருப்பா."

ஜானட் மிஷினின் மூடியைக் கழற்றினாள். தகட்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தாள். அது பொடியாக உதிர்ந்தது. "உப்பு. நான் மொதல்லயே சொல்லிக்கீறேன்."

"மூலை சரிதான். ஒன் மிஷினுதான் மட்டம். நல்லதா ஒண்ணு கொண்டாந்து இதே எடத்துல வையி."

ஜானட் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். போன வருடம் வாங்கிய வெள்ளைக் கார், உள்ளே பளபளவென்று நின்றது. "அத்த ஏன் அண்ணாச்சி அந்த இடுக்குல சொருகிகினு கீறீங்க? இந்தப் பக்கம் இம்மாம் எடம் சும்மாதான கீது?"

"இங்க கடல் காத்துல நிறுத்துனா ஆறே மாசத்துல கதவெல்லாம் அரிச்சிரும்லா. எனக்குத் தெரியாதாக்கும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஜானட் தலையைக் குனிந்துகொண்டு மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்," என்றேன்.

"ஏட்டி, கார் வேற, இது வேற."

"ஆமா. கார் ஒங்களுது. இது எனக்குள்ளது."

"சாஸ்திரம்னு ஒண்ணு..."

"சாஸ்திரத்த எங்கிட்ட இனிமே பேசாதீங்க."

இருபத்தாறு வருடத்தில் அவர் பேச்சை நான் குறுக்கே வெட்டியது அதுதான் முதல் தடவை. உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்துவந்து ஜானட்டிடம் நீட்டினேன். "காரை எடுத்து இந்த மூலைல விடு. கொட்டகைல புது மிஷின வை."

அவர் கொட்டகை வாசலை மறித்து நின்றார். "கார்ல கை வச்சா நடக்கதே வேற."

"சரி. தண்ணி இன்னைக்கும் அப்படியேதான் கெடக்கு. நீங்க எறங்கி இருபத்தஞ்சு நிமிசம் நில்லுங்க. நின்னுட்டு வந்து மிஷின எங்க வேணும்னாலும் வைங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அவர் குளத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஜானட் ஒரே மூச்சில் காரைப் பின்னால் எடுத்து, அக்னி மூலையில், சரியாகக் கடலைப் பார்க்க நிறுத்தினாள்.

புது மிஷின் மேற்கே ஓடுகிறது. இவர் தினமும் சாயங்காலம் காருக்கு உறை போட்டு மூடுகிறார். கடல் காற்று உறைக்கு அடியிலும் போகிறது. குளத்திலிருந்து பார்த்தால் கார் நன்றாகத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் கார் கதவருகே குனிந்து நின்றவர், என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி செல்வி, இங்க பழுப்பா ஒண்ணு இருக்கே. துருவா?"

"அக்னி மூலைல இருக்கதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்றேன்.

தண்ணீர் முப்பத்துமூன்று டிகிரியில் இருந்தது. நிமிராத இரண்டு விரல்களைக் கம்பியில் கொக்கி போல மாட்டிக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் திரும்பினேன்.