ஒரு சுவர், இரண்டு அறை

பிளேடு நழுவி மகளின் கட்டைவிரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே, கல்லில் பாசிபோல் ஒட்டிப் படர்ந்திருந்த சாம்பல்நிற லைக்கனில் இன்னொரு கறுப்புப் புள்ளியைத் தேடினாள். பக்கத்து அறையில் அப்பா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

காலையில் கண்விழித்ததும் அவளைத்தான் கூப்பிட்டார்.

"நான் வெட்டினதெல்லாம் ஓரத்துப் புள்ளிம்மா. ஓரம் இளசு. நடுவுல ஒண்ணு வெட்டிப் பாரு."

வெளிப்பார்வைக்கு அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் லைக்கன்களைப் பிரித்துச் சொல்வது அந்தப் புள்ளிக்குள் இருக்கும் வித்துதான். இதன் வித்தில் குறுக்கே ஒரே சுவர், இரண்டே அறை என்று கண்டுதான் அப்பா இதைப் புது இனம் என்று அறிவித்தார். அம்மாவின் பெயரையே அதற்கு வைத்தார். கல்யாண நாளைக்கூட மறந்துபோகிற மனுஷர் அம்மாவுக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான்.

மெல்லிய துண்டைச் சொட்டுத் தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் குனிந்தாள். முற்றிப் பழுப்பேறிய வித்துகள். குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்கள், செங்கல் அடுக்கியதுபோல் அறைகள். எல்லோருக்கும் தெரிந்த பழைய இனம். அப்பா பார்த்தது அதன் பிள்ளைப் பருவத்தை.

இன்னொன்றை வெட்டினாள். அதுவும் அப்படியே.

பக்கத்து அறையில் அம்மா அவர் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "இப்பவும் பாசி பாசின்னுதான் உயிரை விடுறாரு," என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. பால் சூடாக்கப் போகிறேன் என்று எழுந்துபோனாள்.

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் மகள் வந்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

"செங்கல் மாதிரி இருக்குப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பேரை எடுத்துடச் சொல்லி எழுதிடு. அம்மாகிட்ட..."

மிச்சத்தை மூச்சு விழுங்கிவிட்டது. அம்மா பாலோடு வந்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பவில்லை.

மாலையில் துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கயோ ஒரு பாறையில என் பேரு ஒட்டிக்கிட்டிருக்குக்கா," என்றாள் அம்மா. "நான் போனப்புறமும் இருக்குமாம். அவர்தான் சொன்னாரு. இவளைக் கேளுங்க, இவளுக்குத் தெரியும்."

பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

மகள் அப்பாவின் காலடியில் குனிந்து, நேராகவே இருந்த போர்வையை இழுத்து நேராக்கினாள்.