பதினேழாவது ஆள்

மேசையின் அடி இழுப்பறையை மூன்றாவது முறையாகத் தரையில் கவிழ்த்தாள். மருந்துச் சீட்டுகள், கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிகள் எல்லாம் விழுந்தன. அப்பாவின் படம் மட்டும் விழவில்லை. அடுத்த அறையில் அப்பா வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். நான்கு மணிக்கு எடுக்க வேண்டும். இப்போதே பத்தேகால்.

"ஊர்ல இருக்கறவங்க படம் பூரா உங்கிட்ட இருக்கு. நம்ம அப்பா படம் ஒண்ணுகூடவா இல்ல?" என்றான் தம்பி. காலை முதல் பேருந்தில் வந்து இறங்கியவன். குறை சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

"அட்டையில இருக்கே."

தம்பி அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எதையோ திருடிக்கொண்டு ஓடும்போது மாட்டிக்கொண்டவர் போல அப்பா அதில் விழித்துக்கொண்டிருந்தார்.

"இதப் பெருசாக்கி வச்சா வர்றவங்க போலீஸக் கூப்பிடுவாங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடுத்த அறைப் பக்கம் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

அப்பா படத்துக்கு நிற்காத மனிதர். யாராவது காமிராவைத் தூக்கினால் எந்தச் சந்தில் நழுவினார் என்றே தெரியாது. அவள் கல்யாண ஆல்பத்தில்கூட அவர் பாதிக் காதும் கொஞ்சம் முதுகுமாகத்தான் இருந்தார்.

"ஒண்ணு இருக்கு," என்றாள் அவள், தரையில் கிடந்த சாவிகளைப் பார்த்துக்கொண்டே. "ஆலையில எடுத்தது. நான் போய் பிரிண்ட் போட்டுட்டு வர்றேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

சொல்வதற்கு என்னவா? அதுதானே விஷயம்.

ஊர் நினைவுக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். பகலில் நூலகத்தில் வேலை, மாலையானால் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாக ஏறுவாள். ஊரில் அவளுக்கு 'ரெக்கார்டக்கா' என்றே பெயர். கரும்பு வெட்டியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், ஆலைக் கொதிகலன் சூட்டில் வெந்தவர்கள் என்று முந்நூறு பேரைப் பேச வைத்திருந்தாள். எண்பது வயதைத் தாண்டியவருக்கு லேசாக இருமல் வந்தாலும் ரெக்கார்டக்கா வாசலில் வந்து நிற்பாள் என்று கேலி செய்வார்கள். அவளுக்கு அந்தக் கேலி பிடிக்கும். கேலி செய்யும் அளவுக்கு ஊர் தன்னைச் சேர்த்துக்கொண்டதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்படுவாள்.

ஏனென்றால் ஒரு காலத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பா கரும்பாலையின் வாசல் காவலாளி. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஆலையில் பெரிய வேலைநிறுத்தம். ஐம்பது நாள் ஒருவரும் உள்ளே போகவில்லை. ஐம்பத்தோராம் நாள் விடியற்காலையில் வெளியூர்க் கரும்பை ஏற்றிக்கொண்டு நாற்பது லாரிகள் வந்து நின்றன. அப்பா வாசலைத் திறந்துவிட்டார். அத்தோடு வேலைநிறுத்தம் முடிந்தது. பதினோரு பேருக்கு வேலை போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மூன்று வருடம் வேறு யாரும் உட்காரவில்லை. 'கேட்டுக்காரன் பொண்ணு' என்பார்கள்.

ஏன் திறந்தார் என்று அப்பா சொன்னதில்லை. முந்நூறு பேரைக் கேட்டவள் அவரை ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்று மாலைகூட அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, குழு வெளியிடப்போகும் நினைவு மலரில் எந்தப் படம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று குழுவில் ஒருவரோடு இருபது நிமிடம் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பேசி முடித்து வந்தபோது அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

ஸ்டூடியோ கடைத்தெருவின் கோடியில் இருந்தது. ஸ்டூடியோக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கேள்விப்பட்டேன்க்கா. சாயங்காலம் வர்றேன்."

அவள் பென் டிரைவை நீட்டினாள். படம் திரையில் விரிந்தது. ஆலையின் வெள்ளி விழாவில் எடுத்தது, வேலைநிறுத்தத்துக்கு இரண்டு வருடம் முந்தையது. மூன்று வரிசையில் நாற்பத்து மூன்று பேர். இதைக் குழுவின் கண்காட்சிக்காகக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொடுத்ததே இந்த ஸ்டூடியோக்காரர்தான். ஆலையின் பழைய எடைக் கொட்டகையில் ஆறு மாதமாக அது தொங்குகிறது.

"இதுல எது?"

அவள் விரலால் காட்டினாள். இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது. மொத்தக் கணக்கில் பதினேழு.

ஸ்டூடியோக்காரர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு ரொம்ப அக்கறையாகச் சுட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

குழுவில் ஒரு முறை உண்டு. பழைய படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, ஒவ்வொரு தலையையும் பென்சிலால் வரைந்து எண் போடுவார்கள். பெரியவர்களைச் சுற்றி உட்கார வைத்து எண் எண்ணாகக் கேட்பார்கள். இரண்டு பேர் ஒத்துச் சொன்னால் பெயர் ஏறும். ஒருவரும் சொல்லாவிட்டால் 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த தலைக்குப் போவார்கள். அன்றைக்குக் கேட்டு எழுதியது அவள்தான். பதினாறு வரைக்கும் கூட்டம் கலகலவென்று இருந்தது. இவனுக்குத்தான் அப்போது மீசையே முளைக்கவில்லையே, இவன் போட்டிருப்பது இரவல் சட்டையாயிற்றே என்று ஒரே சத்தம். "பதினேழு?" என்று கேட்டாள். சத்தம் நின்றது. ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். எல்லோரும் அவள் வாயைத் திறக்கட்டும் என்று இருக்கிறார்களா, திறக்காமல் இருந்தால் நல்லது என்று இருக்கிறார்களா? அவளுக்குப் புரியவில்லை. அந்தப் பழைய பெஞ்சு ஞாபகம் வந்தது.

"தெரியல போல," என்று தானே சொல்லி, தானே எழுதிவிட்டு, "பதினெட்டு?" என்றாள்.

பதினெட்டு எல்லோருக்கும் தெரிந்த ஆள். தொழிலாளர் தலைவர். வேலை போன பதினோரு பேரில் முதல் ஆள். அரவை உருளையில் மோதிர விரலில் பாதியைப் பறிகொடுத்தவர். படத்தில் அந்த வலது கை பக்கத்தில் இருந்தவரின் தோள்மேல் கிடந்தது. அந்தக் கையைப் பற்றி எட்டு வரி எழுதிக் கண்காட்சியில் ஒட்டியிருந்தாள். படித்தவர்கள் கண் கலங்கினார்கள். கைக்கு எட்டு வரி. அந்தக் கை கிடந்த தோளுக்கு இரண்டு சொல்.

அவள் இல்லாத ஒரு நாள் அப்பா கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். அன்று சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. அந்தப் பதினேழுதான் யாருன்னு தெரியலையாமே?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தெரிஞ்சா எழுதிடலாம்ப்பா," என்றாள். வாய் கூசவில்லை. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

"பாவம், யாரு பெத்த புள்ளையோ," என்றார் அப்பா. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

"அக்கா." ஸ்டூடியோக்காரர் கூப்பிட்டார். திரையில் இப்போது அப்பா மட்டும் இருந்தார். முப்பத்தைந்து வயது, வாரி விட்ட முடி, எதிரே நிற்பவர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். இந்த முகத்தை அவள் வீட்டில் பார்த்ததே இல்லை. "முகம் நல்லா வந்திருக்கு. தோள்ல இந்தக் கை இருக்கே, விட்டுடவா, எடுத்துடவா?"

நான்கு விரலும் அரை விரலுமாக அந்தக் கை தோளில் அழுந்தி, சட்டையைக் கொஞ்சம் கசக்கியிருந்தது.

அதை விட்டால் எந்தப் படம் என்று ஊரே சொல்லிவிடும். எட்டு வரி எழுதி ஊருக்கு அந்தக் கையை மனப்பாடம் செய்து வைத்ததே அவள்தான்.

"எடுத்துடுங்க."

"பார்த்தா தெரியாது. சுத்தமா பண்ணிடறேன்," என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு வீட்டு முன்னறையில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பெட்டியின் தலைமாட்டில் சின்ன மேசை போட்டுத் தம்பி படத்தை நிறுத்தியிருந்தான். வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "எவ்வளவு களையா இருந்திருக்காரு!" என்றார்கள். எங்கே எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது.

போஸ்ட்மாஸ்டர் கடைசியாக வந்தார். குழுவின் தலைவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் ஊருக்கு அவர் போஸ்ட்மாஸ்டர்தான். தொழிலாளர் தலைவரின் மகன். அந்த ஆலைப் படமே அவர் வீட்டுச் சுவரிலிருந்து கண்காட்சிக்கு வந்ததுதான். பெட்டியருகே சற்று நேரம் நின்றார். பிறகு மேசைக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து படத்தைப் பார்த்தார். முகத்தை விட்டுவிட்டுத் தோளையே பார்த்தார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடிப் போக ஒரு கதவுதான் இருந்தது, அதிலும் ஆட்கள்.

"இங்க எங்கப்பா கை இருந்துச்சேம்மா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்."

அவர் தலையசைத்தார். கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபமே இல்லை.

"அன்னிக்குக் கூட்டத்துல பதினேழுன்னு கேட்டியே, எங்க எல்லாருக்கும் தெரியும். நீ சொல்லுவேன்னு இருந்தோம். நீ தெரியலன்னுட்ட. பெத்த பொண்ணே வேண்டாங்கும்போது நாம யாரு எழுதறதுக்குன்னு விட்டுட்டோம்."

"சார்..."

"எங்கப்பா சாகற வரைக்கும் உங்கப்பாவோட ஒரு வார்த்த பேசல. தெருவுல எதிர்ல வந்தா திரும்பிக்குவாரு. எங்கம்மாகூட சொல்லிச்சு, அந்தாளு இருக்கற படம் வீட்டுல எதுக்கு, கழட்டிப் போடுங்க, இல்லன்னா அந்தப் பக்கத்த வெட்டிடுங்கன்னு." போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கழட்டல. வெட்டவும் இல்ல. அவரே அந்தக் கைய எடுக்கலம்மா."

அவள் முகம் காது வரைக்கும் எரிந்தது.

"நேரமாச்சு, தூக்கலாமா?" என்று தம்பி வாசலிலிருந்து குரல் கொடுத்தான். பெட்டிக்கு ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் முன்னால் வந்தார்கள். தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். போஸ்ட்மாஸ்டர் போய், ஆள் இல்லாத மூலையில் குனிந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர்.

"சார், நீங்க எதுக்கு, விடுங்க..."

"பிடிப்பா," என்றார் அவர் தம்பியிடம்.

பெட்டி அவர்கள் தோளுக்கு ஏறியது. தம்பி திரும்பாமலே, "அக்கா, படத்த எடுத்துக்கிட்டு முன்னால போ," என்றான்.

அவள் படத்தை எடுத்து நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வெயில் நேராகப் படத்தின் கண்ணாடியில் விழுந்ததால் கொஞ்சம் சாய்த்தாள். அப்போது கண்ணில் பட்டது. ஸ்டூடியோக்காரர் சொன்னபடியே சுத்தமாகத்தான் செய்திருந்தார். சட்டை முழுக்க ஒரு நாள் வேலையின் கசங்கல். இடது தோள் மட்டும் இப்போதுதான் தேய்த்து எடுத்தது போல ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.