வாசலில் பூத்த பல் டாக்டர்

2009 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. ஒஹாயோ மாநிலம் ப்ரூவர்ட்டனில், லவோன் ஸ்டாட்லர் வீட்டு வராந்தாத் தூணில் இருபது வருடமாக மஞ்சளாகப் பூத்துவந்த கொடிரோஜா கருஞ்சிவப்பாகப் பூத்தது.

அவருடைய கணவர் ஹார்லன் நட்ட செடி. முந்தைய ஆண்டு ஜனவரியில், வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது ஹார்லன் மாரடைப்பில் போய்விட்டார். அந்தக் கோடையில் செடி பூக்கவே இல்லை. துக்கம் காக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மறு ஜூனில் சிவந்து நின்றதும் பாதிரியார் அதை வைத்தே ஒரு முழுப் பிரசங்கம் செய்தார். ஈஸ்டருக்கு மட்டும் தேவாலயத்துக்கு வந்தவர் ஹார்லன். இப்போது ஏறக்குறைய புனிதர்.

லவோனின் தங்கை டெலோரிஸ் மட்டும் மசியவில்லை.

"ஏன்க்கா, உயிரோட இருந்தப்ப உன் பிறந்தநாளுக்கு ஒரு பூ வாங்கித் தந்திருப்பாரா மனுஷன்? செத்தப்புறம் கொத்துக் கொத்தா அனுப்புறாராக்கும்?"

"கிண்டல் பண்ணாதடி. அவருக்குக் கோபம். அதான் சிவப்பு."

கோபத்துக்குக் காரணம் மெர்ல் காஃப்மன் என்பது லவோனின் முடிவு. மெர்ல் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், லவோனோடு ஒரே வகுப்பில் படித்தவர். மாவட்ட ரோஜாக் கண்காட்சியில் நடுவரும் அவர்தான். செடி சிவந்த வாரம்தான் லவோனை முதல்முறையாக வெளியே சாப்பிட அழைத்துப் போயிருந்தார். அதன்பின் ஒவ்வொரு ஜூனிலும் கல்யாணப் பேச்சை எடுத்தார். ஒவ்வொரு ஜூனிலும் லவோன் தூணைக் காட்டினார்.

"ஹார்லனுக்குப் பிடிக்கலை. நீயே பாரு."

மெர்ல் முதல் பார்வையிலேயே பார்த்துவிட்டிருந்தார். அது 'டாக்டர் ஹியூயி'. நூறு வயதை நெருங்கும் பழைய சிவப்புக் கொடிரோஜா. ஃபிலடெல்ஃபியாவின் ஒரு பல் மருத்துவர் பேரைக் கொண்டது. பிறகு அதன் வேருக்குத்தான் மதிப்பு வந்தது. அந்த வேரில் வேறு ரோஜாக்களை ஒட்டுப் போட்டு விற்றார்கள். ஒட்டுமாஞ்செடியில் மேலே பட்டுப்போனால் அடியிலிருந்து வேறு மரம் தழைக்குமே, அதே கதை. எங்கள் மாவட்டத்தில் பாதி வீடுகளில் இப்படி டாக்டர் எழுந்து நிற்கிறார்.

இதை மெர்ல் வெளியே சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் நாகரிகம் அல்ல.

2012 ஜூனில் செடி கூரை விளிம்பைத் தொட்டுவிட்டது. லவோன் மறுபடி தூணைக் காட்டியபோது மெர்லுக்குப் பொறுமை போயிற்று.

"அது ஹார்லன் இல்ல, லவோன். பல் டாக்டர்."

"என்னது?"

மெர்ல் தோட்டக் கைக்கரண்டியால் தூணடி மண்ணைச் சுரண்டினார். முஷ்டி அளவில் ஒரு கட்டை காய்ந்து கிடந்தது. சிவப்புக் கிளைகள் எல்லாம் அதற்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தன.

"இதான் ஒட்டு. மஞ்சள் குளிர்ல செத்துப்போச்சு. வேர் முளைச்சு வந்துடுச்சு. அவ்வளவுதான்."

லவோன் குனிந்து பார்த்தார். "அப்ப மூணு வருஷமா காலைல காபியோட உக்காந்து நான் ஒரு பல் டாக்டர்கிட்டயா பேசிட்டிருந்தேன்?"

"நல்ல டாக்டர்னுதான் சொல்றாங்க."

"குளிர்ல எப்படிச் சாகும்? நவம்பர் பூரா, ஒரு சனிக்கிழமை விடாம, ரோஜாவுக்கு மண் அணைச்சு வைக்கோல் போடறேன்னு போவாரே! நான் பின் ரூம்ல தைச்சிட்டிருப்பேன். சாயங்காலம் கை விறைச்சுப்போய் வருவாரு."

"சுவரோட சூட்டுலயும் அதிர்ஷ்டத்துலயும் மட்டும்தான் ஓடிட்டிருந்திருக்கு. அந்த வருஷக் குளிரைத் தாங்கலை."

"மெர்ல். அவர் எங்க போனாரு?"

மெர்ல் கைக்கரண்டியில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார்.

"என் கராஜுக்கு."

"எதுக்கு?"

"டிவில சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் பாக்க. உன் வீட்டுலதான் பியர் கூடாதே."

"எத்தனை வருஷமா?"

"கராஜ் கட்டினதிலேருந்து."

"கை விறைச்சிருந்ததே!"

"டின் ஜில்லுனு இருக்கும்ல."

லவோன் எழுந்து செடியைப் பார்த்து நின்றார். "கோபம் உனக்கா, ஹார்லன்? எனக்குடா!" சட்டென்று நினைவு வந்தது. "நீங்க இல்ல, டாக்டர்." பிறகு மெர்ல் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போ."

ஜூலை முழுக்க அவர் மெர்லோடு பேசவில்லை. ஆகஸ்டில் செடிக்குக் கரும்புள்ளி நோய் வந்து இலை கொட்டியது. செப்டம்பரில் லவோன், மெர்லுக்குச் சரி சொல்லிவிட்டதாகத் தங்கையிடம் சொன்னார்.

"பொய்க்குத் துணை போனவனையா கட்டிக்கப் போற?" என்றார் டெலோரிஸ்.

"அந்தாளு ஓடி ஒளிஞ்சதே இவன் வீட்டுலதான். இவன் எங்கடி போய் ஒளிவான்?"

தேதியை லவோனே குறித்தார். அக்டோபர் 6, சனிக்கிழமை. மேட்ச் இருந்த நாள். பாதிரியார் ரோஜாவைப் பற்றி எதுவும் பேசவில்லை.

நவம்பரில் மெர்ல் தூணடியில் மண் அணைத்து வைக்கோல் போட்டார். அந்த வேருக்கு அது தேவையே இல்லை. முடியும் வரை லவோன் கோட்டு மாட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றார். அடுத்த ஜூனிலும் செடி சிவப்பாகவே பூத்தது.