அடுத்த நாட்டு மொழி

டாக்டர் பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். இனி அவள் சொல்ல வேண்டும்.

கட்டிலில் அப்பா இரண்டு தலையணைகளை முதுகுக்கு அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சளாகிவிட்டிருந்தது. ஆனாலும் அந்தக் கண்களில், வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவரின் பொறுமை இருந்தது.

"என்னங்கிறாங்க பாப்பா?"

ஈரல் ஏறக்குறைய நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை. ஒரு நாளோ, இரண்டு நாளோ. வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். யாரையாவது பார்க்க வேண்டும், யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தால் இன்றே செய்துவிடச் சொல்லுங்கள்.

"மருந்த மாத்தப் போறாங்களாம்ப்பா," என்றாள் அவள். "புது மருந்து ஒடம்புல பிடிக்க ரெண்டு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் அசதியா இருக்குமாம். பயப்பட வேணாங்கிறாங்க."

"அசதி இருக்கத்தான் செய்யுது. திரும்ப டெஸ்ட் எப்ப எடுக்கலாம்னு கேளு."

அவள் டாக்டர் பக்கம் திரும்பி, அப்பா நன்றி சொல்கிறார் என்றாள். டாக்டர் அம்மாள் குனிந்து அப்பாவின் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அதில் பெருமை.

"பாத்தியா, கைய பிடிச்சு வாழ்த்துச் சொல்லிட்டுப் போறாங்க."

ஜன்னலோரம் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பவே இல்லை.

இந்த வேலைக்கு ஆஸ்பத்திரியில் ஆள் வைத்திருந்தார்கள். போனில் ஒரு எண்ணை அழுத்தினால் தமிழ் தெரிந்த ஒருவர் வருவார். அவள்தான் வேண்டாமென்று விட்டாள். எட்டு வயதிலிருந்து இதைத்தான் செய்துவருகிறாள். குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்திலேயே மொழி அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பாங்க், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் பெரியவர்கள் இருவருக்கும் நடுவில் அவள் நிற்பாள். வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்று டீச்சர் குறை சொன்னபோது, "நல்லாப் பேசுறேன்னு சொல்றாங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். குழாய் ஒழுகியதற்கு ஹவுஸ் ஓனர் கத்திவிட்டுப் போனபோது, "பாத்துப் புழங்கச் சொல்றார்" என்றாள். சொல்லின் முனையை மழுக்கிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் சண்டை வராது என்று சின்ன வயதிலேயே பழகிவிட்டது. இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே மட்டும்தான், வந்தவருக்கு எழுத்து தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்வாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "நாள் பூரா மேல போறேன், கீழ வரேன். ஒரு அடி முன்னால போகல" என்பார். இந்த நாடு அவருக்கு இறங்கி ஏறுகிற இடம். உண்மையான நாடு வேறொன்று இருந்தது. அதை அவர் பார்த்ததில்லை. கூட வேலை பார்த்த ஒருவன் அங்கே போய் அனுப்பிய படங்களைத்தான் பார்த்திருந்தார். ஆளில்லாத அகலமான ரோடு, வீட்டுக்கு வீடு மரம், யாரும் யாரையும் யார் என்று கேட்காத ஊர். பெரிய சாமான் எதுவும் வாங்க விடமாட்டார். "அங்க போயி வாங்கிக்கலாம்." மெத்தைக்கும் அதே பதில், தையல் மெஷினுக்கும் அதே பதில். விண்ணப்பம் போடுவார், திரும்பி வரும். ஒரு வாரம் பேசாமல் இருப்பார், பிறகு மறுபடி போடுவார்.

அந்த நாட்டின் மொழியையும் படித்தார். வேலை விட்டு வந்ததும் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒலிப்பாடத்தைச் சத்தமாக வைப்பார். ஒரு பெண் கேள்வி கேட்பாள், இடைவெளி விடுவாள், அவர் பதில் சொல்வார். சாம்பாரும் ரசமுமாக அம்மா அடுப்படியில் சுழன்றுகொண்டிருப்பாள். இருக்கிற நாட்டு மொழியில் அவருக்கு மேலே, கீழே, நிறுத்து, கரண்ட் என்பதற்கு மேல் அதிகம் தெரியாது. "இங்க பால் வாங்கத் தெரியாது, அங்க போயி பிரசங்கம் பண்ணப் போறார்" என்று பேக்கரிக்காரர் கிண்டல் செய்வார். அவர் அப்பாவோடு சேர்ந்து வந்தவர். அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர்.

இந்த வருடம் அந்த நாடு கூப்பிட்டுவிட்டது. மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அதில்தான் ஈரலில் கட்டி இருந்தது தெரிந்தது.

அன்றும் டாக்டர் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "சின்னதா ஒரு புள்ளி இருக்காம்ப்பா. மருந்துல கரைஞ்சிடும். அப்புறம் திரும்ப டெஸ்ட் எடுத்துக்கலாமாம்." வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் சாயங்காலம் சொல்வதற்காகவே சீக்கிரம் வந்தாள். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஒரே நாள்ல ரெண்டு வேலை முடிச்சிட்டேன். கம்பெனில வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேன். ஹவுஸ் ஓனர்கிட்டயும் வீட்ட விடுறோம்னு சொல்லியாச்சு. எப்படிச் சொன்னேன் தெரியுமா? ‘வீடு, நிறுத்து’ன்னேன். புரிஞ்சுக்கிட்டார்."

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு ஹவுஸ் ஓனரிடம் தனியாகப் போய்ப் பேசிப்பார்த்தாள். வேறொரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள் என்றார் அவர். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மாதம் முடிய அதிக நாள் இல்லை.

"அங்க போயிட்டா உங்கம்மாவ வேலைக்கு அனுப்பமாட்டேன்," என்றார் அப்பா இப்போது, கண்ணை மூடிக்கொண்டே. "போதும். ஓட்டல் பெட்ஷீட்ட மடிச்சு மடிச்சு அவ கை பலகையாட்டம் ஆயிடுச்சு."

"சரிப்பா. தூங்குங்க."

"கோட்டு வாங்கணும். இங்கத்திக் கோட்டு அங்க பத்தாது."

அவர் மூச்சு சீரானதும் அம்மா கதவுப் பக்கம் ஜாடை காட்டினாள். இருவரும் நடைவழியில் இருந்த டீ மெஷின் அருகே போய் நின்றார்கள். அம்மா பொத்தானை அழுத்தினாள். காகிதக் கோப்பை நிரம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளா, ரெண்டு நாளான்னு அவங்களுக்கே தெரியல போல," என்றாள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒனக்கு யார் சொன்னா?"

"அந்தம்மாதான் சொன்னாங்களே, இப்ப."

"ஒனக்குப் புரிஞ்சுதா?"

"ஓட்டல் லாண்டரியில இத்தனை பொம்பளைங்களோட நிக்கிறேன். காதுல விழாம இருக்குமா?" அம்மா கோப்பையை அவள் கையில் கொடுத்தாள். "சூடு. பாத்துப் பிடி."

"எப்பலேர்ந்து?"

"அது ஆச்சு ரொம்ப வருஷம்."

"அப்புறம் ஏன் எல்லா எடத்துக்கும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போன?"

அம்மா தனக்கும் ஒரு கோப்பையை எடுத்து மெஷினில் வைத்தாள். "தெரியும்னு சொல்லிட்டா நீ கூட வரமாட்டியே. பேங்குக்குப் போனா அரை மணி நேரம் எம் பக்கத்துல நிப்ப. வீட்ல எங்க நிக்கிற."

டீச்சர் சொன்னது, ஹவுஸ் ஓனர் சொன்னது, பரிசோதனை அறையில் டாக்டர் சொன்னது எல்லாவற்றுக்கும் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வீட்டுக்கு வந்து சொல்லுவன்னு நெனச்சேன். அதுக்குள்ள அவர் போயி வீட்ட விட்டுட்டு வந்து நின்னார். அந்த மொகத்தப் பாத்துட்டு..." அம்மா மீதியைச் சொல்லாமல் டீயைக் குடித்தாள். "ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்தோம்."

"இப்ப சொல்லிடட்டுமா?"

காலிக் கோப்பையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "சொன்னா நல்லதுதான். யார்கிட்டயாவது பேசணும்னு இருக்கும். நீயே சொல்லு. என்னால ஆவாது."

அவள் உள்ளே போனாள். நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பா" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார். பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் எங்கோ போய் நின்றது. "நாலாவது மாடில கதவு சரியா மூடல. ஆள் யாரும் ஏற வேணாம்னு சொல்லு," என்றார். மறுபடி கூப்பிட்டாள். யாரோ வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல மரியாதையாகத் தலையாட்டினார். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, ஈரல் நின்றால் நினைவு இப்படித்தான் கலங்கும், இனித் தெளிவது கஷ்டம் என்றாள்.

அம்மாவுக்கு அதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் வரை அவர் எதுவும் பேசவில்லை. உதடு காயும்போதெல்லாம் அம்மா பஞ்சை நனைத்து ஒற்றினாள். வெயில் ஜன்னல் வழியே வந்து போர்வையில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் சட்டென்று தெளிவாகப் பேச ஆரம்பித்தார். தமிழ் இல்லை. இந்த நாட்டு மொழியும் இல்லை. ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், மறுபடியும் அதையே சொல்வார். குரலில் அப்படி ஒரு பணிவு.

நர்ஸ் குனிந்து கேட்டாள். அவளிடம் திரும்பி, "என்ன கேட்கிறார்? தண்ணீரா?" என்றாள்.

"தெரியவில்லை," என்றாள் அவள். இந்த நாட்டு மொழியில், இன்னொருவருக்காகப் பேசும்போது, அவள் அதுவரை சொல்லாத பதில் அது.

"வாடகைக்கு வீடு இருக்கான்னு கேக்குறார்," என்றாள் அம்மா.

அவள் திரும்பினாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தாள்.

"அடுப்படியில நின்னு நானும்தான கேட்டேன், இத்தன வருஷமா. இது வீடு தேடுற பாடம்."

அப்பா மறுபடி கேட்டார். கேட்டுவிட்டு முகத்தை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவருடைய புருவம் சுருங்கியது.

"அந்தப் பொண்ணு இப்ப பேசணும்," என்றாள் அம்மா. "எத்தனை பேருன்னு கேக்கணும்."

அவருடைய காதருகே குனிந்து அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஒலிப்பாடத்துப் பெண்ணைப் போலவே நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொல்லை மேலே தூக்கிக் கேட்டாள். அப்பாவின் புருவம் தளர்ந்தது. ஒரே ஒரு சொல் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டு, வேலை முடிந்தவர்போல வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வெயில் போர்வையிலிருந்து தரைக்கு இறங்கி, சுவருக்கு ஏறி, இல்லாமல் போயிற்று. மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒரு தடவை விட்டது, அடுத்தது வருமென்று இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நர்ஸ் வந்து நாடியைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டபோதுதான் வராது என்று தெரிந்தது.

அம்மா அழவில்லை. போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். மூலைகளை மடித்து மெத்தைக்கு அடியில் செருகினாள், ஓட்டலில் செய்வதுபோல, ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"அம்மா. அப்பா எத்தனை பேருன்னார்?"

"ரெண்டு."

"பாடத்துல எத்தனை?"

"பாடத்துல ஒருத்தன். கல்யாணம் ஆகாதவன். உங்கப்பா அத மாத்தி எப்பவும் மூணுன்னு சொல்லுவார். சொல்லிட்டு என்னத் திரும்பிப் பாப்பார்."

"நெஜமாவே ரெண்டுன்னாரா?"

"ரெண்டுன்னுதான் சொன்னார்."

அம்மா முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இத்தனை வருடமாகத் தான் எல்லோருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அம்மாவை நம்புவதா வேண்டாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, அந்த மொழி அறிந்த வேறு யாரும் அந்த அறையில் இல்லை.

எரியூட்டும் இடத்துக்குக் கம்பெனியிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் கடையைச் சாத்திவிட்டு, கைமுட்டியில் மாவு ஒட்டியிருந்தது தெரியாமலே வந்திருந்தார். கம்பெனி மேனேஜர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசினார். இவர் கை வைத்த லிஃப்டில் யாரும் மாட்டிக்கொண்டதில்லை என்றார். பேசி முடித்துவிட்டு, வழக்கம்போல, அவளைப் பார்த்தார். அவள் அம்மா பக்கம் சாய்ந்தாள்.

"வேணாம்," என்றாள் அம்மா. மேனேஜரிடம் இந்த நாட்டு மொழியிலேயே, மெதுவாக, "வந்ததுக்கு நன்றி" என்றாள். பேக்கரிக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்ததும் அவர் கேட்டார்: "இனி என்ன யோசனை தங்கச்சி? இங்கயே இருக்கப் போறீங்களா, இல்ல ஊருக்கா? ஊர்ல யாராவது இருக்காங்களா?"

"யோசனையெல்லாம் அவர்தாண்ணே பண்ணுவார்," என்றாள் அம்மா.

"கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. மாவு மூட்டை கெடக்கு, ஒதுக்கிடலாம். கொஞ்ச நாளைக்கு..."

"பாக்கலாம்ண்ணே."

அவர் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்றாள் அம்மா.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடைகள் போயின, ஓட்டல் போனது, லாண்டரிக்குப் போகும் சந்து போனது. அவர்களுடைய நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. தெருக்கோடியில் வீட்டின் மாடி ஜன்னல் தெரிந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

பிறகு அவர்கள் இறங்கியே இராத நிறுத்தங்கள் வந்தன. ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கிப் போனார்கள். கடைசியில் ஒரு மைதானத்தின் ஓரத்தில் பஸ் நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி முதுகை நெட்டி முறித்தார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். திரும்பி ஏறி உட்கார்ந்தபோதுதான் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறவர்போல அரைகுறையாகத் திரும்பினார்.

கேட்கவில்லை. சாவியைத் திருகி, வந்த வழியே பஸ்ஸைத் திருப்பினார்.